ஆட்டோமேட்டிக் பிக்கப்: 65-ல வண்டி உதறுது. கியர் பெட்டியை இறக்கணுமா, ஆயில் மாத்தினா போதுமா?

கீரிப்பாறை_லோடு
டீசல் 4x4 பிக்கப், 6 ஸ்பீடு, டார்க் கன்வர்ட்டர் (இஞ்சின் சுழற்சியை ஆயில் மூலமா கியர்பாக்ஸுக்குக் கடத்துறது) வகை ஆட்டோமேட்டிக். கம்பெனிப் பேர் வேண்டாம், பேரைப் போட்டா இழை அங்கேயே சண்டையில நின்னுரும். 84,000 கிமீ ஓடியிருக்கு, கியர்பாக்ஸ் ஆயில் இதுவரை தொடல. கீரிப்பாறையிலேருந்து நாகர்கோவிலுக்கு ரப்பர் ஷீட்டு 700–800 கிலோ, திரும்ப ஏத்தத்துல உரமூட்டை.

கோளாறு ரெண்டு. ஒண்ணு, 60–70 வேகத்துல ஆக்ஸிலேட்டரை லேசா மிதிச்சபடி போகும்போது 2–3 செகண்டு ஒரு நடுக்கம். ரோட்டுல குறுக்கே வெள்ளைக் கோடு கோடா போட்டிருப்பாங்களே, அது மேல ஏறின மாதிரி. சூடானப்புறம்தான் வருது. நல்லா மிதிச்சா போயிரும், காலை எடுத்தாலும் போயிரும். ரெண்டு, காலையில முதல் தடவை ரிவர்ஸ் போட்டா 2 செகண்டு கழிச்சு 'டொம்'னு விழுது. மீட்டர்ல லைட் எதுவும் எரியல.

ஒரு ஒர்க்‌ஷாப்ல பெட்டியை இறக்கணும்னாங்க. இன்னொரு இடத்துல 'லைஃப்டைம் ஆயில், தொடாதீங்க'ன்னாங்க. யார் சொல்றது சரி?

கோணம்_ஸ்பேனர்
ரெண்டு பேருமே அவசரப்பட்டுட்டாங்க அண்ணே. நீங்க சொன்ன குறி அப்படியே கன்வர்ட்டர் லாக்கப் கிளட்ச் நடுக்கம். லாக்கப்னா ஓட்டத்துல இஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேராப் பூட்டுறது. ஆனா குறியை வச்சு மட்டும் முடிவு பண்ணக் கூடாது. இன்ஜெக்டர் மிஸ்ஸிங்கும் புரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸ் (சக்கரத்துக்குச் சுழற்சி கொண்டுபோற தண்டோட மூட்டு) தேய்மானமும் ஏறக்குறைய இதே மாதிரிதான் ஆடும்.

பிரிச்சுப் பாக்கிற வழி: பின்னாடி வண்டி வராத நேர் ரோடா பாருங்க. ஆரல்வாய்மொழி தாண்டிட்டா கிடைக்கும், காத்து பக்கவாட்டுல தள்ளும், அதுக்கு மட்டும் பதனமா இருங்க. 65-ல நடுக்கம் வரும்போது வலது காலை ஆக்ஸிலேட்டர்ல அசைக்காம வச்சுக்கிட்டு, இடது காலால பிரேக்கை லைட் எரியிற அளவுக்கு மட்டும் தொடுங்க. பிரேக் சுவிட்ச் சிக்னல் போனதும் கம்ப்யூட்டர் லாக்கப்பை விட்டுரும். அந்த நொடியே நடுக்கம் நின்னா கன்வர்ட்டர் கிளட்ச். நிக்கலேன்னா வேற இடத்துல தேடணும்.

அடுத்தது, அதே 65-ல மேனுவல் மோடுல ஒரு கியர் குறைங்க. இஞ்சின் ஆர்பிஎம் மாறும், ரோட்டு வேகம் மாறாது. அப்பவும் அதே அதிர்வு அதே கணக்குல இருந்தா கிராஸ், சென்டர் பேரிங், டயர் பக்கம் போங்க.

ஸ்கேனர் இருந்தா இன்னும் சுத்தம். இஞ்சின் ஆர்பிஎம், டர்பைன் ஆர்பிஎம் (கன்வர்ட்டர்லேருந்து கியர்பாக்ஸுக்குள்ள போற வேகம்) ரெண்டையும் ஒரே திரையில வைங்க. லாக்கப் முழுசா பிடிச்சா வித்தியாசம் பூஜ்யத்தை ஒட்டி நிக்கும். இந்தக் காலத்துப் பெட்டிகள் லேசா வழுக்கவிட்டும் ஓட்டும், அப்ப 30–50 ஆர்பிஎம் வித்தியாசம் சீரா இருக்கும். நடுங்கும்போது அந்த எண் 10, 90, 20, 110னு குதிக்கும். ஆயில்ல இருக்கிற உராய்வுச் சரக்கு தீர்ந்துபோச்சுன்னா கிளட்ச் வழுவழுன்னு வழுக்காது; ஒட்டும், விடும், ஒட்டும், விடும். உங்க சீட்டுக்கு வர்ற நடுக்கம் அதாக்கும்.

தோவாளை_டிப்ஸ்டிக்
ஆயிலைத் தொடாதேன்னு சொன்னவங்க சும்மா சொல்லல. 80,000 தாண்டின பெட்டியில புது ஆயில் ஊத்தினா மறுவாரமே கியர் வழுக்க ஆரம்பிக்கும். பழைய ஆயில்ல கிடக்கிற தூள்தான் கிளட்ச்சுக்குப் பிடிமானம்.

கோணம்_ஸ்பேனர்
அண்ணாச்சி, இந்தத் தூள் கதைக்கு வயசாச்சு. தூள் மிதக்குதுன்னா கிளட்ச் தட்டுல இருக்க வேண்டியது ஆயில்ல இருக்குன்னு அர்த்தம். 2-லேருந்து 3-க்கு மாறும்போது ஆர்பிஎம் 300–400 சும்மா ஏறி விழுந்தா அந்தப் பெட்டி ஏற்கெனவே வழுக்குது. அதுல ஆயில் மாத்தினாலும் மாத்தாட்டாலும் போகத்தான் போகுது, பழி மட்டும் புது ஆயில் மேல. இவருக்கு அந்தக் குறி இல்ல.

நீங்க சொல்றதுல ஒரு நியாயம் உண்டு. மெஷினை மாட்டி, கிளீனிங் கெமிக்கலும் ஊத்தி, பிரஷர்ல அலசினா பான்ல, அதாவது அடித்தட்டுல, அமைதியா படுத்துக் கிடந்த கசடு கிளம்பி, கிளட்ச்சுகளுக்கு ஆயிலைப் பிரிச்சு விடுற வால்வு பாடியில போய் உக்காரும். அதனால இந்த மாதிரி வண்டிக்கு அலசல் வேண்டாம், இறக்கி ஊத்துறதே போதும்.

'லைஃப்டைம்' விஷயத்துக்கு, ஓனர் மேனுவல்ல கடின உபயோகம்னு தனியா ஒரு அட்டவணை இருக்கான்னு பாருங்க. பாரம், மலை, இழுவை எல்லாம் அதுலதான் வரும். 800 கிலோவோட கீரிப்பாறை ஏறுற வண்டிக்கு 50,000–60,000 கிமீக்கு ஒரு தடவை மாத்தணும்ங்கறது என் கணக்கு.

கீரிப்பாறை_லோடு
சரி, இறக்கி ஊத்துறதுன்னா எவ்வளவு, எப்படி? டிப்ஸ்டிக்கே இல்லாத பெட்டி.

கோணம்_ஸ்பேனர்
டிப்ஸ்டிக் இல்லேன்னா பான் அடியில ரெண்டாவது ஒரு பிளக் இருக்கும், வழிஞ்சு விழுற பிளக். லெவல் பாக்கிறது அதுலதான். நிதானமா படிங்க, தப்பு நடக்கிறது முழுக்க இந்த வேலையிலதான்.

இப்படிப்பட்ட பெட்டியில மொத்த ஆயில் சுமார் 10 லிட்டர்னு வைங்க. டிரெயின் பிளக்கைக் கழட்டினா 4 லிட்டர்தான் இறங்கும். மீதி கன்வர்ட்டர், கூலர், வால்வு பாடியில நிக்கும். ஒரு தடவை மாத்தினா பழசு 60 சதவீதம் உள்ளேயே இருக்கு. ரெண்டாவது தடவை 36, மூணாவது தடவை 22-க்குக் கீழ. அதனால 200–300 கிமீ இடைவெளியில மூணு தடவை, மொத்தம் 12 லிட்டர். ஒரே தடவை மாத்திட்டு 'ஒண்ணும் சரியாகல'ன்னு சொல்றவங்க பாதிக்கு மேல பழைய ஆயில்லதான் ஓட்டிக்கிட்டு இருக்காங்க.

முதல்ல கழட்ட வேண்டியது ஊத்துற பிளக். இதை மறந்துட்டு டிரெயினைத் திறந்து ஆயில் முழுக்க இறக்கிட்டு, அப்புறம் மேல் பிளக் துரு பிடிச்சு வரலேன்னா வண்டி அங்கேயே நிக்கும்.

இறக்கின ஆயிலை அளவு போட்ட கேன்ல பிடிங்க. 3.8 லிட்டர் வந்தா 3.8 லிட்டர் ஊத்துங்க. வண்டி நாலு பக்கமும் மட்டமா நிக்கணும், முன்பக்கம் மட்டும் ஜாக்கி போட்ட லெவல் பொய் சொல்லும். வாஷர் புதுசு போடணும். இஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, பிரேக்கை மிதிச்சுக்கிட்டு ஒவ்வொரு நிலையிலயும் 3 செகண்டு நிறுத்தி P-லேருந்து D வரை போய்த் திரும்புங்க. இஞ்சின் ஐடில்ல ஓடிக்கிட்டே இருக்கட்டும். ஸ்கேனர்ல கியர்பாக்ஸ் ஆயில் சூடு மேனுவல் சொல்ற வரம்புக்குள்ள வரும்போது வழியற பிளக்கைத் திறக்கணும். இந்த வகைப் பெட்டிகள்ல பெரும்பாலும் 35–45 டிகிரி. தாரையா வந்து சொட்டாக் குறையிற நேரத்துல மூடிருங்க. திறந்ததும் ஒண்ணுமே வரலேன்னா ஆயில் குறைவு, மேல ஊத்திட்டுத் திரும்பப் பாருங்க.

நம்ம ஊர்ல நடக்கிற தப்பு: வண்டி 20 கிமீ ஓடி ஒர்க்‌ஷாப்புக்கு வந்து சேரும்போது ஆயில் 80 டிகிரி. அந்தச் சூட்டுல ஆயில் விரிஞ்சு நிக்கும், பிளக்கைத் திறந்தா அதிகமா இருக்கிற மாதிரி கொட்டும். 'ஓ, நிறைய இருக்கு'ன்னு விட்டுட்டு மூடினா, ஆறினப்புறம் அரை லிட்டர் வரைக்கும் குறைவு. மறுநாள் காலையில ரிவர்ஸ் பைய விழும். வண்டியை முந்தின நாள் ராத்திரியே கொண்டுபோய் விட்டுட்டு விடியக்காலை பாக்கச் சொல்லுங்க.

பான் கழட்ட முடிஞ்சா கழட்டுங்க, காந்தத்தைப் பாத்தாலே பாதி ஜாதகம் தெரிஞ்சுரும். விரல்ல தேய்ச்சா மை மாதிரி சாம்பல் கலர்ல வழுக்கினா அது வழக்கமான தேய்மானம். நகத்துல நெருடுற ஊசித் துண்டு பேரிங். மஞ்சளா மின்னினா புஷ் அல்லது திரஸ்ட் வாஷர், அது காந்தத்துல ஒட்டாது, பான் மூலையில கிடக்கும். கறுப்புச் செதில் கிளட்ச் லைனிங். கருகல் வாடையும் செதிலும் சேந்து வந்தா ஆயிலுக்குக் காசு போடாதீங்க.

மார்த்தாண்டம்_மல்டிமீட்டர்
ஆயில் வகை பத்தி யாரும் சொல்லல. டொயோட்டா டபிள்யூஎஸ் கேக்கிற பெட்டிக்கு, கடையில சிவப்பா இருக்குதேன்னு டெக்ஸ்ரான் 3 வாங்கி ஊத்தக் கூடாது. 100 டிகிரியில டெக்ஸ்ரான் 3-ஓட கெட்டித்தன்மை ஏழு சென்டிஸ்டோக்குக்கு மேல, டபிள்யூஎஸ் அஞ்சரையை ஒட்டி. கெட்டி ஆயில் போனா சாலினாய்டு (ஆயில் வழியைத் திறந்து மூடுற கரண்ட் வால்வு) திறக்கிற நேரக் கணக்கு எல்லாம் மாறும், ஷிஃப்ட் இடிக்கும். கலர் வச்சு ஆயில் வாங்காதீங்க, எல்லாமே சிவப்புதான்.

குளச்சல்_ஐஸ்பெட்டி
எங்க பக்கம் வேற மாதிரி. மீன் லோடு. மழை பெஞ்ச மறுநாள் வண்டி ஒரே கியர்ல நின்னுருது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா கொஞ்ச நேரம் நல்லா ஓடும், திரும்ப அதே. இதுவும் ஆயிலா?

மார்த்தாண்டம்_மல்டிமீட்டர்
இல்ல, அது பாதுகாப்பு நிலை. கம்ப்யூட்டருக்கு ஏதோ ஒரு சிக்னல் சரியா வரலேன்னா 3 அல்லது 4-வது கியர்ல பூட்டிக்கிட்டு 'வீடு போய்ச் சேரு'ங்கும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா சரியாகுதுன்னா பெட்டிக்கு உள்ளே உடைசல் இருக்க வாய்ப்பு குறைவு. வயரிங்கைப் பாருங்க.

மீன் பெட்டியிலேருந்து ஐஸ் உருகி வடியிற உப்புத்தண்ணி எங்க விழுதுன்னு முதல்ல கவனிங்க. நிறைய வண்டியில பாடி ஓட்டை வழியா நேரா சேசிஸ் மேலயும் கியர்பாக்ஸ் பக்கவாட்டு கனெக்டர் மேலயும் விழும். அங்கதான் கியர் நிலை சுவிட்ச் இருக்கு, P R N D எதுல இருக்குன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்றது. அது உள்ள பச்சைப் பாசி பிடிச்சா ஒரே நேரத்துல ரெண்டு நிலை சொல்லும், கம்ப்யூட்டர் குழம்பும்.

பேட்டரியில தொடங்குங்க. செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழ போகக் கூடாது, ஓடும்போது 13.8–14.5. பேட்டரி நெகட்டிவுக்கும் கியர்பாக்ஸ் அலுமினிய உடம்புக்கும் நடுவுல மீட்டர் வச்சு, ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டு, 0.1 வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் பட்டை மோசம். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம்னு துறைமுகத்துக்குப் போற வண்டியில இந்தப் பட்டை உறைக்குள்ளேயே உதிர்ந்திருக்கும், வெளியே பாத்தா நல்லாத்தான் தெரியும்.

அப்புறம் ஸ்கேனர் காட்டுற கோளாறு நம்பர், அதாவது கோடு. பி0700 மட்டும் காட்டினா அதுல ஒரு செய்தியும் இல்ல, 'கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர்ல ஏதோ இருக்கு, அங்க கேளு'ங்கறது மட்டும்தான். விலை குறைஞ்ச ஸ்கேனர் இதோட நின்னுரும். பி0705 நிலை சுவிட்ச், பி0715 இன்புட் வேக சென்சார், பி0720 அவுட்புட் வேக சென்சார், பி0741 லாக்கப் பிடிக்கல. பி0731 முதல் 0735 வரை அந்தந்த கியர் விகிதம் தப்பு. கடைசி வகை வந்தாத்தான் உள்ளே வழுக்கல் இருக்கோன்னு யோசிக்கணும். அப்பவும் வேக சென்சார் பொய் சொல்லலேன்னு உறுதி பண்ணிட்டுத்தான்.

கனெக்டரைக் கழட்டி, காண்டாக்ட் கிளீனர் அடிச்சு, காயவிட்டு, டைஎலக்ட்ரிக் கிரீஸ் ரப்பர் சீல்ல மட்டும் தடவி மாட்டுங்க. பின்னை ரொப்பிற வேண்டாம். பாடி ஓட்டையில ஒரு முழம் ரப்பர் ஹோஸ் மாட்டித் தண்ணியைப் பின் சக்கரத்துக்குப் பின்னாடி விழவைங்க. செலவுன்னு பாத்தா ஒரு டீ, வடை.

கோணம்_ஸ்பேனர்
கூலர் பைப்பையும் சேத்துப் பாருங்க. கிளாம்பு பிடிச்சிருக்கிற இடத்துல உப்பு தங்கி அடியில ஊசி ஓட்டை விழும். கிளாம்பைக் கழட்டாம தெரியாது. ஹைவேயில அது வெடிச்சா ரெண்டு மூணு நிமிஷத்துல ஆயில் காலி, பம்ப் வறண்டு ஓடி பெட்டி மொத்தமும் போகும்.

இன்னொண்ணு, காத்து போற குழாய். குழித்துறை சப்பாத்துப் பாலம் மாதிரி தண்ணி ஏறின இடத்துல சூடான பெட்டியோட இறங்கினா, பெட்டி சட்டுன்னு குளிர்ந்து உள்ளே வெற்றிடம் ஆகி அந்தக் குழாய் வழியாத் தண்ணியை உறிஞ்சும். ஆயில் ரோஸ் கலர்ல மோர் மாதிரி ஆயிரும். ரேடியேட்டருக்குள்ள இருக்கிற கூலர் ஓட்டையாகி கூலன்ட் கலந்தாலும் இதே கலர்தான், ஆனா அது இன்னும் கேடு. கூலன்ட்ல இருக்கிற கிளைக்கால் கிளட்ச் தட்டுல லைனிங் ஒட்டியிருக்கிற பசையைத் தின்னுரும். அந்த நிலைமையில ஆயில் மட்டும் மாத்தி ஓட்டினா சில மாசத்துல லைனிங் உரிஞ்சு வரும். கூலர், கன்வர்ட்டர், கிளட்ச் தட்டு மூணும் மாத்தணும். வேற வழி கிடையாது.

ஜுபைல்_வெயில்
நம்ம ஜில்லாப் பிள்ளைகள் நிறைய பேர் இங்க சவுதி ஜுபைல்ல ஒர்க்‌ஷாப் வேலைக்கு வாறாங்க. ஊர்ல மேனுவல் பெட்டியிலயே கை பழகினதால அமெரிக்கன் ஹெவி டியூட்டி பிக்கப்ல தடுமாறுறாங்க. அவங்களுக்காகக் கொஞ்சம்.

ராம் 2500, 3500-ல 6.7 கம்மின்ஸோட 2024 மாடல் வரைக்கும் வந்த 68ஆர்எஃப்இ பெட்டி: ஏடிஎஃப்+4 தவிர எதுவும் ஊத்தக் கூடாது. பானுக்குள்ள ரெண்டு ஃபில்டர். ஒண்ணு தட்டையானது, இன்னொண்ணு திருகுற கேன். புது ஆள் தட்டையானதை மட்டும் மாத்திட்டு மூடிருவான். இந்தப் பெட்டிக்கு பலவீனம் ஓவர்டிரைவ் கிளட்ச். அது 4, 5, 6 மூணு கியர்லயும் வேலை செய்யிது. அதனால பி0734, பி0735 சேந்து வந்து 1, 2, 3 நல்லா இருந்தா பழி அங்கதான். இஞ்சினுக்குப் பவர் டியூனிங் போட்ட வண்டின்னா சந்தேகமே வேண்டாம்.

ஜிஎம் டியூராமேக்ஸோட அலிசன் 1000: 2001-ல 5 ஸ்பீடா வந்துச்சு, 2006-லேருந்து 2019 வரை 6 ஸ்பீடு. ஃபில்டர் வெளியே திருகுறது, பத்து நிமிஷ வேலை. அதுல வளையமா ஒரு காந்தம் இருக்கும். பழைய ஃபில்டரோட அதையும் குப்பையில போட்டுருவாங்க. அதைத் துடைச்சுப் புதுசுல மாட்டணும். லெவல் 71–93 டிகிரியில, P-ல, இஞ்சின் ஓடும்போது. முதல் தலைமுறையில கியர் நிலை சுவிட்ச் கனெக்டர் துருப்பிடிச்சு ஷிஃப்ட் ஆகாம நிக்கும்; குளச்சல் அண்ணன் சொன்ன அதே கதைதான், கடல் மட்டும் வேற.

ஃபோர்டு 6ஆர்140 (2011-லேருந்து) மெர்கான் எல்வி கேக்கும். 2020-ல வந்த 10ஆர்140-க்கு மெர்கான் யூஎல்வி. ஒண்ணுக்குப் பதில் ஒண்ணு ஊத்தக் கூடாது.

எல்லாத்துக்கும் பொது, சூடு. 80–95 டிகிரி சாதாரணம். 110-ஐத் தாண்டினா ஒரு கியர் குறைச்சு, டோ ஹால் (பாரம் இழுக்கிற நிலை) பட்டனை அமுக்கி, வேகத்தைக் குறைக்கணும். பெரும்பாலும் சூட்டைக் கிளப்புறது பாரம் இல்ல, 5-க்கும் 6-க்கும் மாறி மாறித் தவிக்கிறதுதான். ஒவ்வொரு மாத்தத்துக்கும் லாக்கப் விட்டுப் பிடிக்கும், விட்ட நேரமெல்லாம் கன்வர்ட்டர் ஆயிலைக் கடைஞ்சு சூடாக்கும். 120 ஆனா ஓரமா நிறுத்துங்க. இஞ்சினை ஆஃப் பண்ணிராதீங்க. 1200 ஆர்பிஎம் வச்சாத்தான் ஆயில் கூலருக்குப் போகும். பழைய 47ஆர்இ மாதிரி பெட்டியில P-ல கன்வர்ட்டருக்கு ஆயில் போகாது, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுட்டு N-ல வைங்க.

தோவாளை_டிப்ஸ்டிக்
அமெரிக்கக் கதை இருக்கட்டும். இவரோட ரிவர்ஸ் 'டொம்'முக்கு என்ன பதில்?

கோணம்_ஸ்பேனர்
சரியாக் கேட்டீங்க. கையில ஸ்டாப் வாட்ச் வைங்க. சூடான பெட்டியில N-லேருந்து D 1.2 செகண்டுக்குள்ள, N-லேருந்து R 1.5 செகண்டுக்குள்ள பிடிக்கணும். காலையில முதல் தடவை மட்டும் தாமதம், மத்த நேரம் சரின்னா ராத்திரி நின்ன வண்டியில கன்வர்ட்டர் ஆயில் பானுக்கு இறங்கிருச்சு, இல்லேன்னா லெவல் குறைவு. ஸ்டார்ட் பண்ணி 10 செகண்டு P-ல விட்டுட்டு அப்புறம் R போட்டுப் பாருங்க. சூடானப்புறமும் தாமதம்னா சீல் கெட்டியாயிருச்சு அல்லது பம்ப் பிரஷர் குறைவு. அப்ப லைன் பிரஷர் கேஜ் மாட்டித்தான் பேசணும். ஸ்டால் டெஸ்ட், அதாவது பிரேக்கை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு கியர்ல முழு ஆக்ஸிலேட்டர் மிதிக்கிறது, பண்ணச் சொல்லி யாராவது வந்தா 5 செகண்டுக்கு மேல விடாதீங்க. அந்த நேரத்துல இஞ்சின் கொடுக்கிற பலம் மொத்தமும் சூடாத்தான் மாறுது.

மலைச் சாய்வுல நிறுத்துறதையும் சொல்லிர்றேன். பிரேக்கை மிதிச்சபடி N, ஹேண்ட் பிரேக், பிரேக்கை விட்டு வண்டி உக்காரட்டும், திரும்ப மிதிச்சு P. நேரா P போட்டுக் காலை எடுத்தா 2 டன்னுக்கு மேல எடை விரல் மொத்த ஒரு கொக்கியில தொங்கும். மறுநாள் P-லேருந்து எடுக்கும்போது கேக்கிற 'டக்' அதுதான். இறக்கத்துல D-ல விட்டுட்டுப் பிரேக்கைத் தேய்க்காதீங்க, மேனுவல்ல 2 அல்லது 3.

கீரிப்பாறை_லோடு
ரெண்டு தடவை மாத்தியாச்சு. முதல்ல இறங்கினது 3.6 லிட்டர், கட்டன்சாயா கலர். காந்தத்துல சாம்பல் மை, ஊசி இல்ல, செதில் இல்ல. வழியற பிளக்கை 40 டிகிரியில திறந்தப்போ ஒரு சொட்டும் வரல, கூட 400 மில்லி ஊத்த வேண்டியதாச்சு. பிரேக் தொட்டதும் நடுக்கம் நிக்கிறது உறுதி. ரெண்டாவது தடவைக்கு அப்புறம் நடுக்கம் நாளுக்கு ஒரு தடவை, அதுவும் ஏத்தத்துல மட்டும். ரிவர்ஸ் சரியாயிருச்சு. மூணாவதுக்கும் நடுக்கம் நிக்கலேன்னா?

கோணம்_ஸ்பேனர்
400 மில்லி குறைவுதான் உங்க ரிவர்ஸ் 'டொம்'. மூணாவது தடவை மாத்திட்டு, ஸ்கேனர்ல பழைய ஷிஃப்ட் கணக்கை அழிச்சு, லேசான மிதியில எல்லா கியரும் ஏறி இறங்குற மாதிரி அரைமணி நேரம் ஓட்டுங்க. அப்புறம் 1000 கிமீ பொறுங்க.

அப்பவும் நின்ன பாடில்லேன்னா லாக்கப் லைனிங் கண்ணாடி மாதிரி பளபளத்துப் போச்சு. கன்வர்ட்டர் மட்டும் மாத்தணும், முழுப் பெட்டியும் இல்ல. இறக்கிறவர்கிட்ட இதையெல்லாம் சொல்லிக் கேளுங்க: பம்ப் முன் சீல் புதுசு, கூலர் பைப் ரெண்டும் அலசல், புதுக் கன்வர்ட்டருக்குள்ள மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு லிட்டர் ஆயில். மாட்டும்போது சுத்திக்கிட்டே தள்ளினா படிப்படியா 'தக் தக்'னு உள்ளே இறங்கும், இன்புட் ஷாஃப்ட், ஸ்டேட்டர், பம்ப்னு. முழுசா இறங்கினப்புறம் பெல் ஹவுசிங் முகத்துல ஸ்கேலைக் குறுக்கா வச்சு கன்வர்ட்டர் எவ்வளவு உள்ளே இருக்குன்னு அளந்து மேனுவல் அளவோட ஒத்துப் பாக்கணும். கடைசிப் படி இறங்காமலே போல்ட்டை முறுக்கிப் பெட்டியை இஞ்சினோட இழுத்துச் சேத்தா பம்ப் கியர் உடையும். பெல் ஹவுசிங் கையால தள்ளினாலே இஞ்சினோட ஒட்டணும். இடைவெளி தெரிஞ்சா போல்ட்டைத் தொடக் கூடாது.

கீரிப்பாறை_லோடு
மூணாவது 4 லிட்டர் வாங்கி வச்சாச்சு, சனிக்கிழமை ராத்திரி வண்டியை விடப்போறேன். கழட்டின வாஷரைச் சுட்டுத் திரும்பப் போடலாமான்னு ஒர்க்‌ஷாப்ல கேக்கிறாங்க.

கோணம்_ஸ்பேனர்
செம்பு வாஷர்னா சிவக்கச் சுட்டுத் தண்ணியில போட்டா இளகும், அவசரத்துக்கு ஆகும். அலுமினியமா இருந்தா சுடக் கூடாது, நசுங்கினது நசுங்கினதுதான். ரெண்டு பிளக்குக்கும் புதுசே வாங்கிருங்க.